வண்டி கரையில், நீங்கள் படகில்: புதுச்சேரியிலிருந்து நாகை வரை கேரவன் பயணம்

வெளிநாட்டு வீடியோக்களில் கேரவன் நேராகக் கப்பலின் வயிற்றுக்குள் ஏறும், அடுத்த கரையில் இறங்கி ஓடும். நம்மூர்க் கடற்கரையில் அந்தக் கதை நடக்காது. புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கேரவனை ஏற்றிக்கொண்டு போகும் பயணிகள் படகு கிடையாது. சுண்ணாம்பாறு, பிச்சாவரம், நாகைத் துறைமுகம் என்று படகேறும் இடம் மூன்று. மூன்றிலும் ஆள் மட்டும்தான் ஏறலாம். அதனால் படகு டிக்கெட்டை விட, படகில் இருக்கும் நேரத்தில் வண்டி எங்கே, எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய வேலை.

எந்த வண்டி

டெம்போ டிராவலர் அளவுக்கு மேல் போக வேண்டாம். கூரையில் ஏசி வைத்த வண்டி மூன்று மீட்டர் உயரத்தைத் தொடும். நெடுஞ்சாலையில் அது பிரச்சினையே இல்லை. கடலோரக் குப்பங்களுக்குள் திரும்பியதும் கேபிள் டிவி ஒயர், தாழ்ந்த வேப்பங்கிளை, திருவிழா அலங்கார வளைவு என்று வரிசையாக வரும். வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, டிரைவர் கண்ணுக்கு நேராக எழுதி ஒட்டுங்கள். சோலார் பேனலின் தாங்கியையும் சேர்த்து அளக்க வேண்டும். பலர் விடுவது அதைத்தான்.

பழைய வேனை வாங்கிக் கட்டில், அடுப்பு வைத்துக் கட்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இன்சூரன்ஸுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை தெரியும். வாடகை வண்டி என்றால் கிளம்பும் முன்பே பெர்மிட் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காரணம், இந்த 150 கிலோமீட்டர் சொச்சத் தூரத்தில் எல்லையை மூன்று முறை தாண்டுகிறீர்கள்: கடலூருக்கு முன்னால் முள்ளோடையில் புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாடு, தரங்கம்பாடி தாண்டி நண்டலாற்றில் காரைக்கால், வாஞ்சூரில் மறுபடி தமிழ்நாடு.

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. டேங்கை எல்லைக்கு முன்பே நிரப்பிக்கொள்ளலாம். அங்கே விலை குறைவான இன்னொன்றும் உண்டு. அதை வண்டியில் வைத்துக்கொண்டு முள்ளோடையைத் தாண்ட வேண்டாம். புதுச்சேரி மதுபாட்டிலோடு பிடிபட்டால் பாட்டிலோடு நிற்காது, வண்டியும் போகும். கேரவனில் அலமாரிகள் அதிகம் என்பதால் சோதனைச் சாவடியில் திறந்து காட்டச் சொல்வதும் வழக்கம்தான்.

மின்சாரக் கணக்கு

இரண்டு பேர், ஏசி இல்லாமல், ஒரு நாள்: 20 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம், 400 வாட்-மணி. 45 வாட் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் நம் வெயிலுக்குப் பாதி நேரம் ஓடும், அது 540. விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து 100. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் எழுத்தில் 1800 வாட்-மணி இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் கிடைப்பது 900. ஒரு ராத்திரிக்கே இழுபறி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பெரோ பாஸ்பேட் என்றால் ஆயிரம் தாராளமாகக் கிடைக்கும், எடையும் வெகுவாகக் குறைவு.

இங்கேதான் படகு குறுக்கே வருகிறது. நீங்கள் படகில் இருக்கும் இரண்டு, மூன்று மணி நேரம்தான் சோலார் பேனல் நன்றாக வேலை செய்யும் நேரம். அதற்காக வண்டியை வெயிலில் விட்டால் உள்ளே அனலாகி, ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடி, வந்த கரண்டைத் தானே தின்றுவிடும். நிழலில் விட்டால் பேனல் தூங்கும். எங்கள் தீர்ப்பு: நிழலில் விடுங்கள், பேனலை நம்பாதீர்கள். 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் (எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் கரண்டை உள் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) ஒன்றைப் போட்டால் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் 550, 600 வாட்-மணி பேட்டரிக்குள் போய்விடும். வெறும் ரிலே போட்டு ஆல்டர்னேட்டரோடு இணைப்பது பழைய வண்டிக்குச் சரி, பி.எஸ். 6 வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்வதால் பேட்டரி முழுதாக ஏறாது.

ஏசி போட்டுத் தூங்க வேண்டுமென்றால் வெளிக் கரண்ட் தேவை. 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கம்பி கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் ஏசியைப் போட வேண்டும். சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடாகி உருகும். சொருகும் முன் எர்த் இருக்கிறதா என்று சோதியுங்கள். எர்த் அறுந்த 16 ஆம்பியர் பிளக்கில் செருகி, ஈர மண்ணில் செருப்பில்லாமல் நின்று கதவைத் தொட்டால், வண்டிக்குள் எங்காவது கரண்ட் கசிந்திருந்தால் உடம்பில் ஷாக் அடிக்கும்.

ராத்திரி எங்கே

கேரவன் பார்க் என்று தனியாகத் தேடி அலைய வேண்டாம். சிறந்த இடம் கல்யாண மண்டபம்: சுற்றுச்சுவர், வாட்ச்மேன், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, கனத்த மின் இணைப்பு, எல்லாம் ஒரே இடத்தில். முகூர்த்த நாளில் கிட்டே நெருங்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும்; மேனேஜரிடம் பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளலாம். மார்கழியில் இன்னொரு லாபம், பிச்சாவரத்தில் வலசைப் பறவைகள் இருக்கும். மழை மட்டும் கருணை காட்ட வேண்டும்.

புதுச்சேரியில் வெள்ளை நகரத்துக்குள் கேரவனை நுழைக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7:30 வரை வண்டி விடமாட்டார்கள், குறுக்குத் தெருக்களில் திருப்ப இடமிருக்காது. கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ஓரம் பகலில் நிறுத்த நல்லது. ராத்திரிக்கு மஞ்சக்குப்பம் பக்கம் வந்துவிடுங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம், கிள்ளை மூன்றிலும் தீர்த்தவாரி. அன்றைக்குக் கடலுக்குப் போகும் எந்தச் சாலையிலும் பெரிய வண்டிக்கு வழி இல்லை.

மணலில் இறக்கும் ஆசை வேண்டாம். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. அது போக, மூன்று டன் வண்டி ஈர மணலில் நின்றால் பத்து நிமிடத்தில் தானே குழி பறித்துக்கொள்ளும். தவறிப் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள். டயர் காற்றை 25 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, பலகையோ தென்னை மட்டையோ போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக ஏற்றுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்காமல் வேகமெடுத்தால் டயர் கிழியும்.

தண்ணீர், கேஸ், கழிவு

ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர். 100 லிட்டர் டேங்கை உள்நாட்டுப் பக்கம், குடிக்கத் தகுந்த தண்ணீரில் நிரப்புங்கள். கடலோரப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு; 12 வோல்ட் பம்பின் வால்வில் உப்புப் படிந்து இரண்டே மாதத்தில் அழுத்தம் போய்விடும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை. வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றக் கூடாது; 5 கிலோ சிலிண்டர் போதும். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் அடித்தட்டில் திறப்பு இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்ததோடு கடமை முடியாது.

கழற்றி எடுத்துக் கொட்டும் தொட்டி வைத்த கேசட் கழிப்பறை 20 லிட்டர் என்றால் இருவருக்கு இரண்டரை நாள். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தில் பொறுப்பாளரிடம் சொல்லி, காசு கொடுத்துக் கொட்டலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரானாலும் உப்பங்கழியில் விடாதீர்கள். அடுத்த வளைவில் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருப்பார்.

படகேறும் முன்

வண்டியை எப்போதும் வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். ஞாயிறு மதியம் திரும்பி வரும்போது நாலு கார் மறித்து நிற்கும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குக் கட்டை. கேஸ் ரெகுலேட்டர் மூடல். கூரை வெண்ட் இரண்டு விரல் திறப்பு. தண்ணீர் பம்ப் சுவிட்ச் ஆஃப். ஒரு குழாய் இணைப்பு கழன்றால் நீங்கள் திரும்புவதற்குள் மெத்தை மிதக்கும்.

சுண்ணாம்பாறு படகுக் குழாம் புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர், நோணாங்குப்பத்தில். சங்கராபரணியின் கிளையான இந்த ஆற்றில் அரை மணி நேரத்துக்குள் முகத்துவார மணல்திட்டுக்குப் போய்விடலாம். போவதில் சிரமமில்லை, திரும்புவதில்தான். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப, வெயிலில் நீள வரிசை. காலை முதல் படகில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். முகத்துவாரத்தில் ஆறும் கடலும் இழுக்கும் திசை வேறு வேறு. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சிதம்பரம் தேர் வீதிகளுக்குள் கேரவனை விடாமல் புறவழியில் வாருங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் மட்டும் ஓடும். வேர்கள் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் குறுகல் சந்துக்குள் போவது துடுப்புப் படகுதான். அதையே எடுங்கள். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தால் படகு சேற்றில் தட்டும், முழுக்க ஏறியிருந்தால் கிளை முகத்தில் அடிக்கும். நடுத்தண்ணீர் எப்போது என்று முந்தின நாள் மாலையே படகுக்காரரைக் கேளுங்கள்: "அண்ணே, சந்துக்குள்ள போக நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி சரியா இருக்கும்?" அவர் சொல்லும் நேரம் எந்த ஆப்பையும் விடச் சரியாக இருக்கும்.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்காதீர்கள். படகின் நடுவில் வைத்து, உடனே உட்கார வேண்டும். கனமானவர் நடுவில், மற்றவர்கள் இரு பக்கமும் சமமாக. படகில் நிழல் கிடையாது; தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சில்லறைப் பணம். கிளைகளை ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் நாலு மணி நேரம். பாஸ்போர்ட், இலங்கை நுழைவு அனுமதி இரண்டும் வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே திரும்பும் தேதியில் இரண்டு நாள் இடைவெளி விட்டே திட்டமிடுங்கள். அத்தனை நாளும் வண்டியை நாகையில் பூட்டிய காம்பவுண்டுக்குள் விட்டு, ஃபிரிட்ஜைக் காலி செய்து, கதவைத் திறந்து வைத்து அணைத்துவிட வேண்டும்.

வானிலை

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூர், புதுச்சேரி துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைத் தினமும் செய்தியில் பாருங்கள். ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில். மூன்று ஏறினால் துறைமுகத்துக்கே காற்று வருகிறது என்று பொருள். அன்றே மேட்டு நிலத்துக்கு வண்டியை எடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். 2024 ஃபெஞ்சலில் காற்று ஓய்ந்த பிறகுதான் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. ஆகவே மழை விட்டதும் ஆற்றோரம் திரும்பி வந்து நிறுத்துவது தப்பு. மேல் அணையில் தண்ணீர் திறந்தது இங்கே ஒரு நாள் கழித்துத்தான் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சுற்றுலாப் படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விசைப்படகு கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறும், வண்டிக்குள் வெயில் அதைவிட ஏறும்.

உப்பு

வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்பிரிங் பட்டை, சைலன்சர் தாங்கி. பிரஷர் கன்னை பேரிங் பக்கம் நேராகப் பிடிக்கக் கூடாது. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் சோடா உப்புக் கரைசலில் தேய்த்துத் துடைத்து வாசலின் தடவுங்கள். சோலார் பேனலின் மேல் படிந்த உப்புப் படலத்தை ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். முதல் துரு பெரும்பாலும் பின்கதவுக் கீலிலும் ஸ்டெப்னி தொங்கும் சங்கிலியிலும் வரும். ஒரு வருடம் கழித்துப் பஞ்சரான இடத்தில் அந்தச் சங்கிலி இறங்காமல் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்றி கிரீஸ் போட்டு வையுங்கள்.