குளிருக்கு விறகு ரெடி பண்றது: வெட்டறது, பொளக்கறது, அடுக்கறது

விறகு ஸ்டவ் வெச்சு வீட்ட சூடு பண்றவங்கள்ல நிறைய பேரு குளிர் வந்து கதவத் தட்டுறப்பதான் விறகப் பத்தியே யோசிக்கறாங்க. அப்ப யோசிச்சு பிரயோஜனமே இல்ல, அந்த சீசனுக்கு காசு குடுத்து காஞ்ச விறகு வாங்கறதத் தவிர வேற வழி கிடையாது. இந்தக் குளிருக்கு எரிக்கப் போற விறகு போன குளிர் முடியறப்பவே வெட்டி பொளந்து அடுக்கி இருந்திருக்கணும், மரம் கெட்டி ஜாதியா இருந்தா அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடியே.

ஏன் இவ்ளோ அவசரம்னா, எல்லாம் தண்ணிதான். இப்பதான் வெட்டுன பச்சை மரத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி. 10 கிலோ கட்டை ஒண்ண தூக்கறீங்கன்னா அதுல 5 கிலோதான் மரம், மிச்சம் 5 லிட்டர் தண்ணியத்தான் சுமந்துட்டு போறீங்க. அத அப்படியே ஸ்டவ்ல போட்டா நெருப்பு மொதல்ல அந்த தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியாக்கி புகைபோக்கி வழியா வெளிய அனுப்பணும், அதுக்கப்புறம்தான் ரூமுக்கு சூடு. அதவிட பெரிய தலைவலி என்னன்னா தண்ணி ஆவியாகிட்டே இருக்கறதால நெருப்போட சூடு ஏறவே ஏறாது. மரத்துல இருக்கற சக்தியில பெரும் பங்கு கேஸா வெளிய வந்துதான் எரியுது, அந்த கேஸ் முழுசா எரிய 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வேணும். அந்த சூடு இல்லன்னா கேஸ் எரியாம புகையாவே மேல போயி, குளிர்ந்த சிம்னி சுவத்துல தாரு மாதிரி கருப்பா படியும், அதுக்கு பேரு கிரியோசோட். அது கனமா சேர்ந்து ஒருநாள் தீப்பிடிச்சா சிம்னியே கொழுந்து விட்டு எரியும், வீட்டுக்கும் ஆபத்து. பைன் மரத்துல பிசின் இருக்கு அதனால சிம்னி கெட்டுப் போகும்னு ஒரு பேச்சு காலங்காலமா ஓடுது, அத நம்பாதீங்க. நல்லா காஞ்ச பைன் சுத்தமாவே எரியும், ஈரமான ஓக்தான் சிம்னிய நாசம் பண்ணும்.

நமக்கு வேண்டியது மொத்த எடையில ஈரம் 20 சதவீதத்துக்குள்ள. மேல சொன்ன 10 கிலோ கட்டை அந்த அளவுக்கு காஞ்சா ஆறேகால் கிலோ ஆயிடும், அதாவது 3.75 லிட்டர் தண்ணி வெளிய போயிருக்கணும், ஒரே ஒரு கட்டையிலேருந்து. அத ஆயிரம் கட்டைக்கு கணக்கு போட்டுப் பாருங்க, எவ்ளோ தண்ணிய காத்து தூக்கிட்டு போகணும்னு புரியும். அடுக்கறதுல நாம செய்யற எல்லாமே அந்த காத்துக்கு வழி விடறதுக்குத்தான், மழைய தடுக்கறது ரெண்டாம்பட்சம்.

மொதல்ல நீளம். ஸ்டவ்வோட உள் அளவ டேப் வெச்சு அளந்து அதவிட ஒரு மூணு இஞ்ச் கம்மியா வெட்டுங்க, நிறைய இடத்துல 16 இஞ்ச் சரியா வரும். கட்டைக்கு கட்டை நீளம் மாறுனா அடுக்கறப்பதான் அதோட வலி தெரியும், அதனால ஒரு குச்சிய அளவுக்கு வெட்டி வெச்சுகிட்டு மரத்து மேல சாக்பீஸால கோடு போட்டுட்டு அப்புறம் ரம்பம் வைங்க. செயின் சா பிடிக்கறவங்க கண்ணுக்கு காதுக்கு கவர், காலுக்கு செயின் சா பேன்ட், இதெல்லாம் இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம். செயின் சுத்தி ஓடற நீளத் தகட்டோட (பார்) நுனி மேல் பக்கம் எதுலயாவது பட்டுச்சுன்னா சா அப்படியே மொகத்துப் பக்கம் எகிறும், அத கையால பிடிச்சு நிறுத்தறதெல்லாம் நடக்காத காரியம்.

நின்னபடியே பட்டுப்போன மரம் கெடைச்சா நேரா ஸ்டவ்வுக்கு போயிடலாம்னு ஒரு நெனப்பு இருக்கும். மேல் கிளைங்க வேணா காஞ்சிருக்கும், அடி மரம் பெரும்பாலும் உள்ள ஈரமாத்தான் இருக்கும், அதையும் பொளந்து அடுக்கித்தான் ஆகணும்.

இப்ப பொளக்கறது. மரத்துக்குள்ள தண்ணி ஓடற குழாய்ங்க நீள வாக்குல இருக்கு, ஸ்ட்ராவ கட்டா கட்டி வெச்ச மாதிரி, அதனால வெட்டுன ரெண்டு முனை வழியாத்தான் ஈரம் வேகமா வெளிய போகும், பக்கவாட்டுல மெதுவா போகும், பட்டை வழியா கிட்டத்தட்ட போகவே போகாது. மரம் உயிரோட இருக்கறப்ப தண்ணிய உள்ள பிடிச்சு வெக்கறதும் பட்டையோட வேலைதானே. முழு முண்டா உருட்டிப் போட்டு வெச்சா வருஷக்கணக்குல காயாம உள்ளுக்குள்ளயே மக்கிப் போகறது இதனாலதான். பொளந்தா பட்டை இல்லாத பக்கங்க தெறந்துக்கும். மூணுலேருந்து ஆறு இஞ்ச் கனத்துக்கு பொளங்க, ராத்திரி முழுக்க கனலணும்னு வெக்கறதுக்கு கொஞ்சம் பெருசா சிலது இருக்கட்டும்.

இதுக்கு மரம் வெட்டற சாதாரண கோடாரி சரிப்படாது, அது மெலிசா இருக்கறதால மரத்துக்குள்ள போயி சிக்கிக்கும். தலை கனமா, ஆறுலேருந்து எட்டு பவுண்டு எடையில, ஆப்பு வடிவத்துல அகண்டு இருக்கற பொளக்கற கோடாரிதான் வேணும், கூட ரெண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும். கூர்மை ரொம்ப முக்கியம் இல்ல, எடையும் வேகமும்தான் வேலை செய்யும். கீழ ஒரு அகலமான அடிக்கட்டை, முழங்காலுக்கு கொஞ்சம் கம்மியான உயரத்துல. வெறும் தரையில வெச்சு அடிச்சா கோடாரி மண்ணுலயோ கல்லுலயோ, இல்ல உங்க கால்லயோ போயி நிக்கும். கட்டைய அடிக்கட்டையோட அந்தப் பக்க விளிம்புல வைங்க, குறி தப்புனாலும் கோடாரி அடிக்கட்டையிலதான் விழும். பழைய டயர் ஒண்ண அடிக்கட்டை மேல ஆணி அடிச்சு வெச்சு அதுக்குள்ள முண்ட நிக்க வெச்சு பொளந்தீங்கன்னா துண்டுங்க செதறாது, ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பொறுக்க வேண்டாம், இடுப்பு உங்கள வாழ்த்தும்.

அடிக்கறதுக்கு முன்னாடி முண்டோட முகத்த ஒரு நிமிஷம் பாருங்க. நடுவுலேருந்து வெளிய ஓடற மெல்லிசு விரிசல் ஒண்ணு ரெண்டு இருக்கும், மரமே எங்க பொளக்கணும்னு காட்டிக் குடுக்குது, கோடாரி வாய் அந்த கோட்டு மேல விழணும். பக்கத்துல கணு இருக்கான்னு சுத்திப் பாத்துக்கங்க, கணு வழியா பொளக்க நெனச்சா நாள் பூரா அடிச்சிட்டே இருக்கலாம், அதத் தள்ளி அடிங்க. ரொம்ப பெரிய முண்டுன்னா நடுவுல கை வெக்காதீங்க, ஓரத்துலேருந்து பலகை பலகையா சீவி எடுத்துகிட்டே சுத்தி வந்தா கடைசியில நடு தானா சின்னதாயிடும். பச்சையா இருக்கறப்ப பொளக்கறது பொதுவா சுலபம், நல்லா உறைஞ்சு போன குளிர்ல இன்னும் சுலபம், டப்புனு ஒரே அடியில ரெண்டாகும். எல்ம் மாதிரி நார் பின்னி முறுக்கிகிட்டு இருக்கற மரம் இதுக்கு அடங்காது, அதுக்கு ஆப்புதான், இல்லன்னா ஹைட்ராலிக் மெஷின வாடகைக்கு எடுங்க, அதுல ரோஷம் பாக்கத் தேவையில்ல. எதுல அடிச்சாலும் கண்ணாடி போட்டுக்கங்க, இரும்பு ஆப்போட தலை அடி வாங்கி வாங்கி ஓரம் மடிஞ்சிருந்தா அத கிரைண்டர்ல தேச்சு எடுத்துடுங்க, அந்த துண்டு தெறிச்சு வந்தா தோட்டா கணக்குதான்.

அடுக்கற இடம் நிழலா வெயிலான்றது அப்புறம், காத்து அடிக்குதான்னு மொதல்ல பாருங்க. வெயிலும் காத்தும் ரெண்டும் கெடைச்சா அதிர்ஷ்டம், ஒண்ணுதான் கெடைக்கும்னா காத்த எடுத்துக்கங்க. வீட்டு சுவத்துல ஒட்டி அடுக்கறது பாக்க அழகா இருக்கும், ஆனா பின்பக்கம் காத்தே போகாது, சுவருக்கும் ஈரம், கரையானுக்கும் நேரா வீட்டுக்குள்ள வர பாலம் போட்டுக் குடுத்த மாதிரி. நீண்ட நாள் காய வெக்கறத வீட்ட விட்டு தள்ளியே வைங்க, வேற வழியில்லாம சுவர் பக்கம் வெச்சா ஒரு சாணாவது இடைவெளி விடுங்க.

தரையில நேரா வெக்கவே கூடாது, அடி வரிசை மண்ணு ஈரத்த உறிஞ்சி மக்கிடும், அங்கேருந்து பூஞ்சை மேல ஏறும். ரெண்டு நீள கழியப் போட்டு அது மேல அடுக்கலாம், இல்ல பேலட் (சரக்கு வெச்சு ஏத்தி எறக்கற மரச்சட்டம்) போடலாம். பேலட்டுல முத்திரை ஒண்ணு குத்தியிருக்கும், எச்.டி.ன்னு இருந்தா சூட்டுல பதப்படுத்துனது, எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற பூச்சி கொல்ற விஷ வாயு போட்டது, அது விறகுக்கு அடியில கூட வேண்டாம், எரிக்கவே கூடாது.

ஒத்த வரிசையா அடுக்கறதுதான் சீக்கிரம் காயும், வெட்டு முனைங்க காத்து வர்ற பக்கம் பாத்து இருக்கணும். இடம் பத்தலன்னு ரெண்டு மூணு வரிசை ஒட்டி வெச்சீங்கன்னா நடு வரிசை வெளிய இருக்கறத விட ரொம்ப தாமதமாத்தான் காயும், குறைஞ்சது கை நுழையற அளவுக்கு சந்து விடுங்க. ரெண்டு முனையிலயும் வரிசை சரியாம இருக்க ஒரு அடுக்கு நெடுக்க, அடுத்த அடுக்கு குறுக்கனு மாத்தி மாத்தி வெச்சு தூண் கட்டுங்க, அதுக்கு நல்லா சதுரமா பொளந்த கட்டையா தேடி எடுத்து வைங்க, முக்கோணமா இருக்கறது உருளும். உயரம் நாலு அடியோட நிறுத்திக்கறது நல்லது. காய காய விறகு சுருங்கும், வெயில் படற முனை முன்னாடியே சுருங்கறதால அடுக்கு மெதுவா அந்தப் பக்கம் சாய ஆரம்பிக்கும், அதனால குழந்தைங்க வெளையாடற எடத்துல அஞ்சாறு அடிக்கு கட்டி வெக்காதீங்க. நெருக்கி நெருக்கி சந்தே இல்லாம அடுக்குனா பாக்க ஃபோட்டோவுக்கு நல்லாருக்கும், காயறதுக்கு இல்ல. பட்டை மேல இருக்கணுமா கீழ இருக்கணுமான்னு விடிய விடிய சண்டை போடறவங்க இருக்காங்க, மேல கூரை போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணுதான், கூரை இல்லன்னா மேல் வரிசை மட்டும் பட்டை மேல பாத்து இருக்கட்டும்.

மூடறதுலதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. தார்ப்பாய மேலேருந்து தரை வரைக்கும் இழுத்து சுத்தி கயிறு கட்டி வெச்சா, உள்ளேருந்து வர்ற ஈரம் எங்கயும் போக முடியாம தார்ப்பாய் அடியில சொட்டு சொட்டா நின்னு திரும்ப விறகு மேலயே விழும், ஒரு மாசம் கழிச்சு தெறந்தா பூஞ்சை வாடைதான் வரும். மேல மட்டும் மூடுங்க, தகர ஷீட்டா இருந்தா ரொம்ப நல்லது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிகிட்டு இருக்கணும், பறக்காம கனமா எதையாவது வைங்க, பக்கங்க தெறந்தே இருக்கட்டும். பக்கவாட்டுல மழை அடிச்சா நனையுமேன்னா, நனையும், ஆனா அது மேலோட்டமான ஈரம், ரெண்டு நாள் காத்துல போயிடும். மரத்துக்குள்ள இருக்கற ஈரம் வேற சமாச்சாரம். ஈரம், வறண்ட மரத்தோட எடைய வெச்சு கணக்கு போட்டா, 30 சதவீதம் வரைக்கும் எறங்கறப்ப போறது செல்லுக்குள்ள சும்மா தேங்கி நிக்கற தண்ணி, அது சுலபமா போயிடும். அதுக்கு கீழ மரநாரோட ஒட்டிகிட்டு இருக்கற தண்ணி போகணும், அது மெதுவாத்தான் போகும், மரம் சுருங்கறதும் முனையில விரிசல் விடறதும் அப்பதான் ஆரம்பிக்கும்.

பைன், பிர்ச் மாதிரி மரம் வசந்தத்துல பொளந்து அடுக்குனா பெரும்பாலும் ஒரு கோடையில தேறிடும், ஆஷ் பச்சையிலயே தண்ணி கொஞ்சம் கம்மி, அதுவும் சீக்கிரம் தயாராகும். ஓக் மட்டும் ரெண்டு கோடை கேக்கும், சில சமயம் அதுக்கு மேலயும். வரிசை வரிசையா வருஷத்த எழுதி வைங்க, இல்லன்னா அடுத்த வருஷம் எது பழசு எது புதுசுன்னு மண்டைய பிச்சுக்கணும்.

காஞ்சுதான்னு பாக்க ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, ஈரமா இருந்தா சத்துன்னு செத்த சத்தம், காஞ்சிருந்தா கணீர்னு கேக்கும். முனையில விரிசல், பட்டை தானா கழண்டு வர்றது, நிறம் சாம்பலா மாறுறது இதெல்லாம் அறிகுறிதான், ஆனா இத மட்டும் நம்பிடாதீங்க, ஏன்னா வெளிய காஞ்சு உள்ள ஈரமா இருக்கற கட்டையும் இதே மாதிரிதான் இருக்கும். ஊசிய குத்தி ஈரத்த அளக்கற மாய்ஸ்ச்சர் மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. முக்கியமா கட்டையோட வெளிப்பக்கத்துலயோ முனையிலயோ குத்தாதீங்க, கட்டைய அப்பவே புதுசா பொளந்து உள் முகத்துல நடுவுல ஊசிய அழுத்துங்க, நார் ஓடற திசையிலயே. அடுக்குல வெவ்வேற எடத்துலேருந்து நாலஞ்சு கட்டை எடுத்து பாருங்க. இன்னொரு விஷயம், மீட்டருங்க பெரும்பாலும் தண்ணிய வறண்ட மரத்தோட எடையால வகுத்து காட்டும், அதனால நாம சொல்ற 20 சதவீதம் மீட்டர்ல 25னு வரும், ஆனா 20 காட்டற வரைக்கும் காத்திருந்தா நஷ்டம் ஒண்ணும் இல்ல. மீட்டர் இல்லன்னா ஒரு கட்டையில பெயின்ட் அடிச்சு அடையாளம் வெச்சு மாசத்துக்கு ஒருக்கா எடை போடுங்க, எடை இறங்கறது நின்னுச்சுன்னா அந்த எடத்துல அந்த கட்டை காய முடிஞ்ச அளவு காஞ்சாச்சு.

வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. லாரியில கொட்டுன அளவும் அடுக்குன அளவும் ஒண்ணு கிடையாது, கொட்டுன குவியல அடுக்குனா ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் தேறும், எந்த கணக்குல விக்கறாங்கன்னு கேட்டுட்டு பேசுங்க. காஞ்சதுன்னு சொன்னா அங்கயே ஒண்ண பொளந்து மீட்டர் வைங்க. இங்கிலாந்துல 2021 மே மாசத்துலேருந்து 2 க்யூபிக் மீட்டருக்கு கம்மியா விக்கற விறகு 20 சதவீதத்துக்கு மேல ஈரமா இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, மத்த எடத்துல நாமதான் உஷாரா இருக்கணும். தூரத்துலேருந்து விறகு கொண்டு வராதீங்க, பட்டைக்குள்ள பூச்சி கூடவே வரும், ஆஷ் மரத்த கொல்ற எமரால்டு ஆஷ் போரர்ங்கற வண்ட 2002ல அமெரிக்காவுல மிச்சிகன்ல கண்டுபிடிச்சாங்க, அது அங்கேருந்து தூர தூர எடத்துக்கெல்லாம் பரவுனதுக்கு விறகு ஏத்திட்டு போனது ஒரு முக்கிய காரணம். பெயின்ட் அடிச்சது, பிளைவுட், மருந்து போட்ட மரம், கடல்ல மெதந்து ஒதுங்குன கட்டை, இதெல்லாம் ஸ்டவ்வுக்கே வேண்டாம், விஷப்புகை.

சீசன் ஆரம்பிச்சதும் வீட்டுக்குள்ள ரெண்டு மூணு நாளைக்கு வேண்டியத மட்டும் கொண்டு வாங்க, அதுக்கு மேல வெச்சா பட்டைக்குள்ள தூங்கிட்டு இருக்கற பூச்சியெல்லாம் சூட்டுல முழிச்சு ஹால்ல ஊர்வலம் போகும். பைன் துண்டுங்கள சுண்டுவிரல் கனத்துக்கு சிராய் சிராயா சீவி ஒரு பெட்டி நெறைய தனியா வைங்க, காலையில ஸ்டவ்வ பத்த வெக்க அதுதான் கை குடுக்கும். ஸ்டவ் பக்கத்துல சூடு படற மாதிரி விறகையும் அந்தப் பெட்டியையும் வெக்காதீங்க, எவ்ளோ தூரம் தள்ளி இருக்கணும்னு ஸ்டவ்வோட மேனுவல்ல போட்டிருக்கும்.