இயற்கைப் பனிக்கட்டியில் பாப்ஸ்லே தடம் கட்டும் முறை

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில், செயின்ட் மோரிட்ஸிலிருந்து செலரினாவுக்கு இறங்கும் பாப்ஸ்லே (பனிக்கட்டியில் சறுக்கி விரையும் பந்தய வண்டி) தடம் 1904 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. எனினும் அதன் பனிக்கட்டிக்கு ஒரு குளிர்காலத்துக்கு மேல் வயது இருந்ததில்லை. வசந்தத்தில் உருகிப்போகும் தடத்தை அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் கட்டியாக வேண்டும் என்பதால், அதன் வரலாற்றை அறிய விரும்புபவர் முதலில் அதைக் கட்டும் முறையை அறிவது நல்லது.

முதல் வேலை இடத்தேர்வு. தொடக்க நாட்களில் பாப்ஸ்லே வண்டிகள் ஊர்ச்சாலைகளிலேயே ஓடியதால் நடப்பவர்களுக்கு ஆபத்து நேர்ந்தது. தனித்தடம் தேவைப்பட்டதன் காரணம் அதுவே. சுமார் 1,800 மீட்டர் உயரம், மரநிழல், நீண்ட குளிர் ஆகிய மூன்றும் இங்கே ஒருங்கே அமைந்தன. 1,722 மீட்டர் நீளத்தில் 130 மீட்டர் இறங்கும் இத்தடம் நிலத்தின் இயல்பான சரிவையே பின்பற்றுகிறது. அமோனியா ஓடும் குழாய்களைக் கான்கிரீட்டில் புதைத்துக் குளிரூட்டும் முறை 1960களின் இறுதியில், ஜெர்மனியின் கோனிக்ஸேயில்தான் வந்தது. இங்கோ அத்தகைய குழாய் எதுவும் இல்லை.

நவம்பர் இறுதியில், இத்தாலியின் தென் டிரோலிலுள்ள நாத்துர்ன்ஸ் பகுதியிலிருந்து தலைமுறைகளாக வந்துசெல்லும் தொழிலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் தடத்தை எழுப்பிவிடுகிறார்கள். இதில் அடிப்படையான நுட்பம் பனிக்கூழ் பதம். உலர்ந்த பனியை அப்படியே குவித்தால் அதனுள் காற்று தங்கிவிடும், வண்டியின் எடையில் சுவர் பொடிந்துவிடும். ஆகவே பனியில் நீர் சேர்த்து, மண்வெட்டியில் அள்ளும்போது வழியாமலும் உதிராமலும் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, அடுக்கடுக்காக அப்பி, அடித்து இறுக்கி, கடுங்குளிரில் உறையவிட வேண்டும். வளைவுகளின் உட்புறத்தைக் கையால் சீவியே வடிவமைக்கிறார்கள். குதிரைலாட வளைவு போன்ற உயரமான சுவர்களில் அவசரம் கூடவே கூடாது, ஏனெனில் கீழடுக்கு உறையுமுன் மேலடுக்கை ஏற்றினால் முழுச்சுவரும் சரிந்துவிடும்.

சுவர் உறைந்தபின் நீரை மெல்லிய சாரலாகத் தெளிக்க வேண்டும். ஒரே முறையில் அதிக நீரைக் கொட்டினால் அது வழிந்தோடி மேடு பள்ளமாக உறையும். மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் விரையும் வண்டிக்கு ஒரு சிறு மேடும் பெரிய குலுக்கல்தான். வெயில் நேராக விழும் இடங்களில் துணித்திரை கட்டி நிழல் தர வேண்டும். சன்னி கார்னர் என்னும் வளைவின் பெயரே அங்கு என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு செய்தும் வானிலை கைவிட்டால் மாற்றுவழி இல்லை. 1928 ஒலிம்பிக்கில் பனி இளகியதால் போட்டி இரண்டு ஓட்டங்களோடு முடிக்கப்பட்டது. அதில் பில்லி ஃபிஸ்க் என்ற 16 வயது ஓட்டுநரின் தலைமையில் அமெரிக்க அணி வென்றது. 1948இலும் ஒலிம்பிக் இங்கேயே நடந்தது, 2023இல் உலகப் போட்டிகளும் நடந்தன. கையால் கட்டப்படுவதால் வளைவுகளின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுகிறது. ஆகையால் சென்ற ஆண்டின் பாதை நினைவை நம்பிப் பழைய ஓட்டுநரும் இறங்கக் கூடாது, முதல் ஓட்டத்துக்கு முன் தடம் முழுவதையும் நடந்து பார்த்துவிட வேண்டும்.