மில் காட்டேஜ் வாங்குமுன் சுவரைச் சுரண்டிப் பாருங்கள்

இங்கிலாந்தில் லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் வேலைக்கு வருகிற நம்மவர்கள், நடுவில் இருக்கும் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற பழைய மில் ஊருக்குப் போய், மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அந்தக் கல் வீட்டு வரிசைகளைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். நியாயம்தான்.

மார்ட்கேஜ் என்ற வீட்டுக் கடனும், பத்திரம் பார்க்கும் சொலிசிட்டரும் பெரும்பாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்ப்பவர். பழைய கட்டடம் தெரிந்த சர்வேயரை (கட்டடத்தின் நிலையைச் சோதிப்பவர்) நீங்களே தனியாக வையுங்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் இருக்கும் வீடு என்றால் ஜன்னலை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றினால் குற்றம்.

ஹெப்டன் பிரிட்ஜில் இன்னொன்று. மலைச்சரிவில் இடம் போதாமல் வீட்டின் மேலேயே வீடு கட்டினார்கள். கீழ்வீட்டுக்குக் கீழ்த்தெருவில் வாசல், மேல்வீட்டுக்கு மேல்தெருவில். கீழ்வீட்டின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். கீழே இன்னொருவர் வீடு இருப்பதால் மேல்வீட்டுக்குக் கடன் தரச் சில வங்கிகள் யோசிக்கும்.

சரி, சுவருக்கு வருவோம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் கல்சில்லுகள், எல்லாம் சுண்ணாம்புச் சாந்தில். மழை ஈரம் உள்ளே போகும், அந்தச் சாந்து வழியாகவே காய்ந்து வெளியேறும். பாட்டி வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

என் நண்பர் வீட்டில் ஓதம் ஏறியது. வந்த கம்பெனி ஆள் இரண்டு ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்தினான். அந்த மீட்டர் மரத்துக்கானது. சுவரில் உப்பு பூத்திருந்தாலே எகிறும்! துளை போட்டு ரசாயனம் ஏற்றி, இடுப்பளவுக்குச் சிமெண்டும் பூசிவிட்டுப் பல ஆயிரம் பவுண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் சிமெண்டுக்கு மேலே பழுப்புப் பட்டை.

காரணமெல்லாம் வெளியே இருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகியது, முற்றத்துக் கல்தளம் வீட்டுத் தரையைவிட உயரம், போதாததற்கு முந்தைய உரிமையாளர் கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகமே பொரிந்து உதிர, சிமெண்ட் மட்டும் வரப்பாகத் துருத்தி நின்றது.

வீடு பார்க்கப் போகும்போது சாவியால் ஒரு இடுக்கைச் சுரண்டுங்கள். வெளிறிய தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால் சிமெண்ட், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நம் பங்கும் உண்டு. குக்கர் ஆவி, ரேடியேட்டரில் காயும் துணி எல்லாம் அதே சுவரில்தான் போய்ப் படியும். குளிரானாலும் சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள்.

அப்புறம், கொத்தனாரிடம் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேளுங்கள். "தெரியும், உறுதிக்குக் கொஞ்சம் சிமெண்டும் கலப்பேன்" என்றால், ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைத் தேடுங்கள்.