நெல்லைச் சீமைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கரண்ட் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று எங்கிருந்து வந்து பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் பக்கம் வீடு எடுத்தாலும் ஈபி அலுவலக வேலை பெரிய பாரமாக இருக்காது. பத்திரம், வீட்டு வரி ரசீது, ஆதார் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கரண்ட் புகார் என்றால் மின்னகம், எண் 94987 94987, இரவிலும் கூப்பிடலாம். மற்றதைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியே சொல்லித் தந்துவிடுவார்.

அவரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆசையாக வாங்கிய டிவி, ஃபிரிட்ஜ், ஏசி போர்டு, வைஃபை பெட்டி எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது அதில்தான். போன பிறகு ஊரே "இடி இறங்கிட்டு" என்று சொல்லும். மெக்கானிக்கும் அதையேதான் சொல்வார். அன்றைக்கு அந்தத் தெருவில் இடியே இடித்திருக்காது. கம்பத்திலோ, வீட்டு மெயின் போர்டிலோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, விட்டுப்போயிருக்கும்.

நம் தெருக்களில் லைன் வருவது மூன்று பேஸ் (கரண்ட் கொண்டுவரும் கம்பி), ஒரு நியூட்ரல் என்ற கணக்கில். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். நியூட்ரல் கம்பி உறுதியாக இருக்கும் வரை ஒவ்வொரு சாமானுக்கும் அதன் 230 மட்டுமே கிடைக்கும். நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் இருக்கும் சாமானும் அடுத்த பேஸில் இருக்கும் சாமானும் வரிசையாகக் கோத்தது போலாகி, அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு சமமாக விழாது. ஆர் என்னும் முதல் பேஸில் 2000 வாட் கீசர், ஒய் என்னும் இரண்டாவது பேஸில் 100 வாட் டிவி, மூன்றாவது பேஸில் எதுவும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசரின் மின்தடை சுமார் 26 ஓம், டிவியுடையது சுமார் 530 ஓம். மின்தடை கூடிய பக்கத்தில்தான் வோல்டேஜ் ஏறும். கீசருக்கு 20 வோல்ட் கூடக் கிடைக்காது. டிவிக்கு ஏறக்குறைய 380 வோல்ட் போகும். டிவியின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 400 அல்லது 450 வோல்ட்டுக்குச் செய்தது. 380 வோல்ட் ஏசி மின்சாரம் டிவிக்குள் டிசியாக மாறும்போது உச்சத்தில் 530 வோல்ட்டைத் தாண்டிவிடும். அது வெடிக்காமல் என்ன செய்யும்? குறைந்த வாட்டில் ஓடும் விலை உயர்ந்த சாமான்கள் முதலில் போவதும், கீசரும் அயர்ன் பாக்ஸும் தப்பித்துக்கொள்வதும் இதனால்தான்.

"எங்க வீட்டுக்கு சிங்கிள் பேஸ்தான்" என்று சமாதானப்பட வேண்டாம். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் மட்டும் நியூட்ரல் போனால் கரண்ட் நின்றுவிடும், அதோடு சரி. தெருவுக்கு வரும் நியூட்ரல் கம்பியே அதற்கு முன்னால் அறுந்தால், மூன்று பேஸிலும் பிரிந்திருக்கும் தெருவின் வீடுகள் எல்லாம் சேர்ந்து அதே பங்கைப் போட்டுக்கொள்ளும். எதிர்வீட்டில் மோட்டார் ஓட, உங்கள் வீட்டில் பல்பு வெடிக்கும்.

இங்கே நியூட்ரல் விடுவதற்குக் காரணங்கள் நிறைய. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்றில் தென்னை மட்டையும் பனை மட்டையும் லைனில் விழும். உவரி, கூட்டப்புளி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று கிளாம்பை அரித்துவிடும். ஊருக்குள் பார்த்தால் அலுமினிய சர்வீஸ் ஒயரைச் செம்புக் கம்பியோடு வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவும். அதன் மேல் படியும் ஆக்சைடு கரண்ட்டைத் தடுக்கும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மழைக்காலத்தில் இணைப்பு சூடாகிக் கருகும்.

ஆகவே குடிபுகுந்த முதல் வாரத்தில் ஒயர்மேனை அழைத்து, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, நியூட்ரல் போகும் பாதையை மட்டும் ஒரு சுற்று பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்குப் பின்னால் வரும் முதல் இணைப்பு, மெயின் சுவிட்ச், ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருந்தால் அதன் சேஞ்ச் ஓவர் (லைனை மாற்றும் சுவிட்ச்), நான்கு முனை ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்), டிபி பாக்ஸுக்குள் (லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) இருக்கும் பித்தளை நியூட்ரல் பட்டை, ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். நிறம் மாறிய கம்பி நுனியை வெட்டிப் புதிதாக லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) அடித்துப் பொருத்த வேண்டும். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரை கரண்ட் நிற்காது; அந்த இணைப்பை ஈபி ஆள் லைனைப் பிரித்த பிறகே தொட வேண்டும். மீட்டரின் சீலைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் ஈபி வேலை, லைன்மேன்தான் வர வேண்டும். நெல்லை டவுன், பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பீங்கான் பீஸ் (ஃபியூஸ்) கேரியர் இன்னும் இருக்கும். அதில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீஸ் போட்டிருந்தால், நியூட்ரல் பீஸை அன்றைக்கே எடுத்துவிட்டு நேரடி லிங்க் போடச் சொல்லுங்கள். நியூட்ரலில் பீஸ் இருக்கவே கூடாது.

அவர் இருக்கும்போதே ஒரு சோதனையும் செய்துவிடலாம். த்ரீ பேஸ் வீடென்றால், மெயினைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரில் மூன்று பேஸையும் நியூட்ரலோடு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பேஸில் கீசரைப் போட்டு மறுபடி அளக்கவும். அந்த பேஸ் சில வோல்ட் இறங்குவது இயல்பு. மற்ற இரண்டும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் அசையக்கூடாது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று பத்து, பதினைந்து வோல்ட் ஏறினால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. மோட்டார் போட்டால் ஹால் விளக்கு பளிச்சென்று ஆவது, ஃபேன் திடீரென்று வேகமெடுப்பது, இவையும் அதே அறிகுறிதான். அப்போது சுவிட்ச் சுவிட்சாக அணைத்துக்கொண்டிருக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

அந்தக் காலத்துப் பெரியவர்கள் குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தே வோல்டேஜைச் சொல்லிவிடுவார்கள். எல்இடி பல்பில் அது முடியாது. உள்ளே இருக்கும் டிரைவர் 180 வோல்ட்டிலும் 250 வோல்ட்டிலும் ஒரே வெளிச்சம் கொடுக்கும். டிபி பாக்ஸில் பேஸுக்கு ஒரு டிஜிட்டல் வோல்ட்மீட்டர் போட்டுக்கொள்வதே வழி.

அடுத்தது கடைக்காரர் சொல்லும் வார்த்தை. "நல்ல கம்பெனி ஸ்பைக் கார்டு போட்டா போதும் அண்ணாச்சி, இடி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது." இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. ஸ்பைக் கார்டுக்குள் இருப்பது எம்.ஓ.வி. என்னும் சின்ன வட்டத் தகடு. அது மைக்ரோ வினாடிக் கணக்கில் வந்துபோகும் வோல்டேஜ் துள்ளலை விழுங்குவதற்கானது. நியூட்ரல் போனால் 380 வோல்ட் நிமிடக் கணக்கில் நிற்கும். எம்.ஓ.வி. சூடாகிப் புகைந்து செத்துப்போகும்; அதன் பின்னால் டிவியும் போகும். டிபி பாக்ஸில் போடும் பெரிய எஸ்.பி.டி.க்கும் (இதே துள்ளலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) இதே கதிதான்.

நியூட்ரல் பிரச்சினைக்கு மருந்து வேறு. ஓவர்–அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் என்று கேளுங்கள். டிபி பாக்ஸுக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் மாட்டும்படி 40 ஆம்பியர், 63 ஆம்பியர் அளவுகளில் கிடைக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே பிரித்துவிடும், சரியானதும் தானே சேர்க்கும். மேல் எல்லை 265, கீழ் எல்லை 180, திரும்பச் சேர்க்கும் நேரம் 3 நிமிடம் என்று வையுங்கள். சில கருவிகள் 30 வினாடி என்ற அமைப்போடு வரும். அதை அப்படியே விட்டால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் அழுத்தம் இறங்கும் முன்பே அது மறுபடி ஓட முயன்று திணறும். த்ரீ பேஸ் வீட்டில் பேஸுக்கு ஒன்றாக மூன்று வேண்டும். வாங்கும்போது அந்தக் கருவியே 400 வோல்ட்டுக்கு மேல் தாங்குமா என்று அட்டையில் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் காவல்காரனே முதலில் விழுவான். லைனின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 180க்குக் கீழே அடிக்கடி போகும். கருவி ஓயாமல் பிரித்துக்கொண்டே இருந்தால் கீழ் எல்லையை 170 ஆக இறக்கி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி ஸ்டெபிலைசர் வைக்கலாம். வோல்டேஜ் குறைந்ததென்று பேஸ் சேஞ்சரைத் திருப்பி வீடு முழுவதையும் ஒரே பேஸில் ஏற்றும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. அப்படி ஒரே பேஸில் சுமை குவியும்போது சமநிலை குலைந்து, நியூட்ரலில் ஓடும் கரண்ட் கூடும்.

எஸ்.பி.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி இடிக்கும் அது தேவைதான். சாதாரண வீட்டுக்கு டைப் 2, தாங்கும் உச்சம் 40 கிலோ ஆம்பியர், தொடர் வோல்டேஜ் அளவு 320. 275 என்று போட்டது நம் லைனின் ஏற்ற இறக்கத்தில் சீக்கிரம் களைத்துவிடும். மாடியில் இடிதாங்கி இருந்தால் டைப் 1ம் சேர்ந்தது வேண்டும். ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், த்ரீ பேஸில் 3+1, சிங்கிள் பேஸில் 1+1 அமைப்பில் (பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று) மாட்ட வேண்டும். ஒயர்மேன்கள் அதிகம் தவறுவது கம்பி நீளத்தில். பேஸிலிருந்து எஸ்.பி.டி., அங்கிருந்து எர்த் பட்டை, இரண்டும் சேர்ந்து 50 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இடியின் மின்னோட்டம் அவ்வளவு விரைவாக ஏறுவதால் ஒரு மீட்டர் கம்பியிலேயே ஆயிரம் வோல்ட் அளவில் கூடுதலாக எழும்பும். அழகுக்காகக் கம்பியை வளைத்து நெளித்து, டிபி பாக்ஸைச் சுற்றிக் கொண்டுபோனால் எஸ்.பி.டி. போட்டதன் பயன் பெருமளவு போய்விடும். கம்பி 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. எஸ்.பி.டி.யின் முகப்பில் உள்ள சின்ன ஜன்னலில் பச்சை சிவப்பானால் உள்ளிருக்கும் பெட்டியை மாற்ற வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் குழி மண்ணைப் பொறுத்தது. தாமிரபரணி வாய்க்கால் பாயும் வயலோரத்தில் 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜிஐ குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டால் நன்றாக வேலை செய்யும். அந்த ஈர மண் ஒரு கொடுப்பினை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஒரு குழி போதாது. அங்கே செம்பு பூசிய 3 மீட்டர் கம்பி இரண்டு, நடுவே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, உப்புக்குப் பதில் பென்டோனைட் களி. ஏசி தண்ணீர்க் குழாயை எர்த் குழிக்குத் திருப்பிவிட்டால் ஏசி ஓடும் நாளெல்லாம் ஈரம் இருக்கும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவிட்டுக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். பல்பின் மின்தடையே 530 ஓம். எர்த் 50 ஓம் என்று கெட்டுக்கிடந்தாலும் பல்பு கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தில் எரியும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குள் வர வேண்டும். நியூட்ரல் போன நேரத்தில் "தற்காலிகமா எர்த்துல குடுத்திருக்கேன்" என்று யாராவது சொன்னால் உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். அப்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் கரண்ட் வரும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தொல்லை என்று கழற்றவும் விடாதீர்கள்.

கொண்டுவரும் சாமான்கள் பற்றி. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியச் சாமான்கள் நம் வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் ஒத்துப்போகும்; சவூதியில் மட்டும் 60 ஹெர்ட்ஸ். ஆனால் அந்தச் சதுர முனை பிளக்குக்குள் ஒரு பீஸ் உண்டு. அதை வெட்டி 16 ஆம்பியர் பிளக் மாட்டினால் அந்தக் காவல் போய்விடும்; மெல்லிய ஒயருக்கு டிபி பாக்ஸில் உள்ள 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) மட்டுமே பாதுகாப்பு என்றாகி, ஒயர் எரிந்த பிறகே அது விழும். சின்னச் சாமானுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள லைனில் 6 ஆம்பியர் பிளக் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அங்கத்திய சர்ஜ் புரொடெக்டர் பலகையைக் கொண்டுவரவே வேண்டாம். அதன் எம்.ஓ.வி. 120 வோல்ட்டுக்குச் செய்தது. அடாப்டர் போட்டு நம் சுவரில் சொருகினால் தீப்பிடிக்கும். லேப்டாப், போன் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் கவலையில்லை. வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், அவற்றின் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் சூடாகி ஓடும். அவற்றை அங்கேயே விட்டு வருவது நல்லது.

இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்ச் பிரிப்பது பேஸை மட்டும், அதுவும் சில மில்லிமீட்டர் இடைவெளியில். டிஷ் கேபிளையும் டிவியிலிருந்து கழற்றி விடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை இடியைக் கொண்டுவராது. வைஃபை பெட்டியின் அடாப்டர் கொண்டுவரும். மாடியில் சோலார் இருந்தால் பேனல் பக்கத்துக்குத் தனியாக டிசி எஸ்.பி.டி. வேண்டும், ஏசி மின்சாரத்துக்கு உரியதை அங்கே மாட்டக்கூடாது. பெருங்காற்றில் போன கரண்ட் திரும்பி வரும்போது இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். மெயினை அணைத்து வைத்திருந்து, தெருவிளக்கு பத்து நிமிடம் நிலையாக எரிந்த பிறகு போட்டு, வோல்ட்மீட்டரில் மூன்று பேஸையும் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜைக் கடைசியில் போடுங்கள்.