ரேடியோ டவர் அஸ்திவாரத்துக்குக் கம்பிக் கூடு கட்டுவது எப்படி

மொரீஷியஸில் மொட்டைமாடி ஆன்டெனா போதாமல், தோட்டத்தில் தனியாக ஒரு 12 மீட்டர் டவர் நிறுத்தலாம் என்று ஆசைப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். டவரைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், அடியில் போகிற கம்பியை மட்டும் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலின்போது இங்கே பதிவான காற்றின் உச்ச வீச்சு மணிக்கு 280 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டவர் மேல் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும், அது மொத்தமும் கடைசியில் அஸ்திவாரத்தில்தான் இறங்கும். காற்று வரும் பக்கம் கான்கிரீட்டை மேலே இழுக்கும், எதிர்ப்பக்கம் கீழே அழுத்தும். அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கிக்கொள்ளும், இழுவையைத் தாங்காது. கம்பி இருப்பது அதற்காகத்தான். வரைபடத்தில் காட்டிய இடத்தை விட்டு உள்ளே நகர்ந்துவிட்டால் எவ்வளவு கம்பி போட்டிருந்தாலும் பாதிப் பயன்தான்.

அளவை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டவர் கம்பெனியின் வரைபடம் அல்லது ஒரு இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும். கீழே நான் சொல்வது 1.2 மீட்டர் சதுரம், 1.5 மீட்டர் ஆழம் என்ற உதாரணக் கணக்கு, அவ்வளவுதான்.

முதலில் குழி. நம் ஊரில் மண்வெட்டி போட்டால் கருங்கல் தட்டாத இடம் குறைவு. உருண்டைக் கல் என்றால் தோண்டி எடுத்துவிடலாம், அரை மீட்டரிலேயே பாறை வந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், கூட்டை வெட்டிக் குட்டையாக்கும் யோசனை வேண்டாம். குழியின் பக்கங்கள் நேராக, கலையாத மண்ணாக இருக்க வேண்டும். அடியில் 50 மில்லிமீட்டருக்கு ஒரு வெறும் கான்கிரீட் தளம் போட்டால் கூடு சேற்றில் உட்காராது. 1.5 மீட்டர் என்பது அந்தத் தளத்துக்கு மேலே.

அப்புறம் கணக்கு. மண்ணை ஒட்டி ஊற்றும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்) விட வேண்டும், அதனால் கூடு 1.05 மீட்டர் சதுரம், 1.35 மீட்டர் உயரம். எல்லாமே 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி. நேர்க்கம்பிகளைத் தனித்தனியாக வெட்டாமல் ப வடிவத்தில் வளைத்து அப்படியே நிறுத்தினால், அதுவே அடிப்பாயும் (அடியில் வரும் கம்பி வலை) ஆகிவிடும்: 1.35 + 1.05 + 1.35, ஒன்றுக்கு 3.75 மீட்டர். ஒரு திசையில் 6, குறுக்கே நடுவில் 4. குறுக்கே வைக்கும் நாலும் முதல் வரிசையின் மேல் உட்காருவதால் அவற்றின் கால்களை 12 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே தலை ஒழுங்காக வராது.

சுற்றிப் போகும் ரிங் 7, இடைவெளி 225 மில்லிமீட்டர். ஒரு ரிங்குக்கு 4.2 மீட்டர், அதோடு ஒன்றன்மேல் ஒன்று ஏற 600 மில்லிமீட்டர் (கம்பி விட்டத்தைப் போல் 50 மடங்கு), ஆக 4.8. மேல்பாய்க்கு 1.05 மீட்டர் துண்டுகள் 12. பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி கிடைத்தால் 8 வாங்கினால் போதும்: ஒரு கம்பியில் இரண்டு ரிங்கும் இரண்டு மேல்துண்டும் வந்துவிடும், வெட்டும் முன் இப்படித் தாளில் எழுதிப் பார்த்தால் கழிவு குறையும். கூடு சுமார் 75 கிலோ வரும்.

வளைக்கும்போது சூடு காட்டாதீர்கள். முனை மடங்குவது போல் வளைத்தால் கம்பி வெளிப்புறத்தில் விரிசல் விடும், 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைச் சுற்றி வளைப்பது நல்லது. தப்பாக வளைந்ததை நிமிர்த்தி மறுபடி வளைக்க வேண்டாம், வேறு துண்டு எடுங்கள்.

இனி கட்டு. கட்டுக்கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு இரண்டாக மடித்து, இரண்டு கம்பி சந்திக்கும் இடத்தில் மூலைவாட்டமாக அடியில் விட்டு மேலே கொண்டு வந்து, மடிப்பில் கொக்கியை மாட்டி, மறுமுனைகளைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தபடி இரண்டு மூன்று சுற்று. ஆட்டிப் பார்த்தால் வழுக்கக் கூடாது. நாலாவது சுற்றில் பெரும்பாலும் அறுந்துவிடும். வால்களைக் கூட்டுக்குள் மடக்கிவிடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கவருக்குள் துரு புகுந்து வரும் வழி அதுதான். ஓரத்துச் சந்திப்புகள் எல்லாம் கட்டுங்கள், நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். கட்டு பலத்துக்கு அல்ல, கான்கிரீட் விழும்போது கம்பி நகராமல் இருக்கத்தான். ரிங்குகளின் ஏறுமுனை எல்லாம் ஒரே பக்கம் வராமல் மூலைக்கு மூலை மாற்றிக் கட்டுங்கள். தூக்கும்போது சாயாமல் இருக்க இரண்டு பக்கத்தில் குறுக்கே ஒரு துண்டுக் கம்பி கட்டிவிட்டால், மூன்று பேர் சேர்ந்து இறக்கிவிடலாம்.

கூட்டின் அடியில் கல்லோ செங்கலோ மரக்கட்டையோ வைக்காதீர்கள். மரம் உளுத்து வழி விடும், கல் உருண்டு கூடு ஒரு பக்கம் மண்ணில் ஒட்டிவிடும். சிமென்ட் கலவையில் 75 மில்லிமீட்டர் கவர் பிளாக்குகளை முன்கூட்டியே வார்த்துக் காயவைத்து, அடியிலும் நாலு பக்கமும் கட்டுங்கள். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும், வேண்டாம். கருங்கல் உடைத்த ராக் சாண்ட்தான் சரி.

டவரைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகளைப் பிளைவுட் தகட்டில் டவர் அடிப்பாகத்தின் துளைகளுக்கு ஏற்ப மாட்டி, மேல்பாய்க்குள் இறக்கி, தகட்டைக் குழிக்கு மேலே கட்டை கொடுத்து நிறுத்துங்கள். கூட்டோடு மட்டும் கட்டினால் ஊற்றும்போது கூடவே ஆடும். ஒரு போல்ட்டையாவது கூட்டோடு கிளாம்ப் போட்டு இணைத்தால் கம்பிக் கூடே எர்த் ஆகவும் உதவும், தனி எர்த் ராடும் போடுங்கள்.

ஊற்றும் நாளில் கூட்டின் மேல் யாரும் ஏறக் கூடாது. சுமார் 2.2 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும், ஓரிடத்தில் கொட்டாமல் அடுக்கு அடுக்காக ஊற்றி, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைக் கம்பியில் முட்டாமல் விடுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், டவரை 28 நாள் கழித்து நிறுத்துங்கள். புயல் சீசன் நவம்பரில் தொடங்குவதால் அதற்கு முன் வரும் நம் ஊர்க் குளிர்காலத்திலேயே குழியைத் தோண்ட ஆரம்பித்துவிடுவது நல்லது.