செகண்ட் ஹேண்ட் ரோபோ வாக்குவம் வாங்கப் போறீங்களா? முதல்ல நிலைப்படியை அளந்துட்டு வாங்க

தானாக ஓடித் தரையைக் கூட்டுகிற ரோபோ வாக்குவத்தைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, உங்கள் வீட்டு நிலைப்படி எவ்வளவு உயரம் என்பதுதான். என்ன கம்பெனி, எத்தனை வருஷம் ஓடியது, என்ன விலை சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். காரைக்குடியில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற கடை என்னுடையது. கொஞ்ச காலமாக இந்த வட்ட மெஷின்களும் மேசைக்கு வருகின்றன. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைகள் வைத்துவிட்டுப் போனவை, பெங்களூர் வேலையை விட்டு ஊரோடு வந்தவர்கள் விற்றவை, ஆன்லைனில் ‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியவை. இவற்றில் பலவற்றில் மெஷினில் கோளாறே இருக்காது. வீட்டுத் தரைக்கும் அதற்கும் ஒத்துவந்திருக்காது, அவ்வளவுதான்.

இவை பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறும். சக்கரம் தேய்ந்த பழைய மெஷின் அதுவும் ஏறாது. நம்ம பக்கத்துப் பழைய வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்கு (நடு முற்றம் உள்ள பகுதி) ஒரு நிலை, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு நிலை, சுற்றியுள்ள ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலை. நாமே காலைத் தூக்கி வைத்துத்தான் போகணும். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கேட்டார்கள்: “ஏந் தம்பி, இதை முகப்புல விட்டா அடுப்படி வரைக்கும் கூட்டிட்டு வந்துருமா?”

“வராது ஆச்சி. நீங்கதான் கட்டுக்குக் கட்டு தூக்கிட்டுப் போய் விடணும்.”

“அப்ப அதுக்கு நான் வேலை பார்க்கணுமாக்கும்!”

அவர்கள் கேட்டது நியாயம். மூன்று கட்டு வீடு முழுவதையும் ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த ஒரு இடத்துக்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வளவைச் சுற்றியுள்ள பத்தி என்கிற தாழ்வாரமா, டிவி இருக்கிற ஹாலா, மாடியா? அந்த ஒரு இடத்துக்கு மட்டும் என்றால் பழைய மெஷினே போதும். செக்காலை ரோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிய வெட்ரிஃபைட் டைல்ஸ் வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் அடுத்த இரண்டு பாராவைத் தாண்டிப் போகலாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் என்கிற சிமெண்ட் டைல்ஸ் போட்ட வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கணும். மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். அவை இன்ஃப்ராரெட் ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை என்றால் அங்கே பள்ளம் என்று அர்த்தம். மெஷின் நின்று பின்வாங்கிவிடும். படியில் விழாமல் காப்பாற்றுகிற வேலை இது. ஆனால் கறுப்பு நிறம் அந்த ஒளியைக் குடித்துவிடும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பத்தி முழுக்கச் சிவப்புக் கல், ஓரத்தில் கறுப்புக் கரை. மெஷினை நடுவில் விட்டேன். கரை வரைக்கும் ஜோராகப் போனது, டக்கென்று நின்றது, ஒரு முழம் பின்னால் வந்தது, திரும்பியது. மறுபக்கமும் அதே கதை. கடைசியில் நடுவில் உள்ள சிவப்பு மட்டும் பளிச்சென்று இருக்க, சுவரோரத்துத் தூசி அப்படியே கிடந்தது. வீட்டுக்காரர் மெஷின் கெட்டுவிட்டது என்று விற்கவே கிளம்பிவிட்டார்.

இதற்கு யூடியூபில் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: அந்த ஜன்னல்களின் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிடு என்று. தட்டையான ஃப்ளாட்டில் செய்யலாம். வளவு வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். பத்தியிலிருந்து முற்றத்துக்கு ஒரு படி இறக்கம் இருக்கிறது, கீழே கருங்கல். முதல் நாளே குப்புற விழும்.

அதனால் வாங்கப் போகும்போது கடையில் ஒரு கறுப்பு சார்ட் அட்டை வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். விற்கிறவர் வீட்டுத் தரையில் விரித்து, அதன் மேல் மெஷினை ஓட விடுங்கள். தாண்டிப் போனால் உங்கள் தரைக்கும் சரிவரும். பிறகு படி ஓரத்தில் ஓட விட்டு, கையைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அட்டையைத் தாண்டவும் வேண்டும், படியில் நிற்கவும் வேண்டும். இரண்டும் செய்கிற மெஷின் இருக்கிறது, ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும்.

தலையில் சின்னக் கோபுரம் மாதிரி லேசர் சுற்றுகிற மாடல்கள் வீட்டை அளந்து வரைபடம் போட்டு, வரிசையாகக் கூட்டும். லேசர் இல்லாத பழைய மாடல்கள் சிலவற்றுக்கு முட்டுவதும் திரும்புவதும்தான் தெரியும். ஒரே இடத்தை நாலு முறை கூட்டிவிட்டு ஒரு மூலையை விட்டுவிடும். கையில் காசு இருந்தால் லேசர் உள்ளதையே வாங்குங்கள். ஆனால் முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி தரைவரை இறங்கியிருந்தால் அதற்குள்ளும் ஓர் அறை இருப்பதாக வரைபடத்தில் காட்டும். கண்ணாடியின் அடியில் சாணகல அட்டையைச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும். மத்தியானம் முற்றத்து வெயில் பத்தியில் நேராக விழுகிற நேரத்திலும் சென்சார்கள் தடுமாறும். காலையில் ஓட விடுங்கள்.

சாயங்காலமும் வேண்டாம், அதற்குக் காரணம் வேறு. விளக்கேற்றுகிற நேரம். தரையில் குத்துவிளக்கு எரிகிற வீட்டில் தானாக ஓடும்படி டைம் வைத்திருப்பது ஆபத்து. மெஷினுக்கு விளக்கும் நாற்காலிக் காலும் ஒன்றுதான், முட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். டைமர் போடுவதாக இருந்தால் காலை எட்டிலிருந்து பத்துக்குள் போடுங்கள்.

இனி மெஷினைப் பார்ப்போம். என் கணக்கில் பழைய ரோபோ என்றால் பாட்டரிதான். மற்றதெல்லாம் கழற்றி மாற்றிவிடலாம். இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் 14.4 வோல்ட் லித்தியம் பாட்டரி. உள்ளே பென்சில் செல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக 18650 என்கிற உருளைகள்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். சிறிய பாட்டரியில் நாலு, பெரியதில் எட்டு. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே இவற்றின் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும். அதைவிட மோசம், சார்ஜ் சுத்தமாக இறங்கிய நிலையில் மாசக்கணக்கில் பெட்டியில் கிடப்பது. “ரொம்ப யூஸ் பண்ணலை, பரண்லதான் இருந்துச்சு” என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். லித்தியம் பாட்டரிக்கான ஆராய்ச்சி நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறது. ரோபோவுக்கு மாற்று பாட்டரி மட்டும் நம்ம ஊரில் கடைகடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பதில்லை; ஆன்லைனில்தான் ஆர்டர் போடணும், அதிலும் லேபிளில் எழுதியிருக்கிற எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற) கணக்கை அப்படியே நம்ப முடியாது.

சோதிக்கிற வழி சுலபம். முழு சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய் நார்மல் மோடில் ஓட விட்டு, உட்கார்ந்து காபி குடியுங்கள். ஒரு மணி நேரம் தாங்கினால் தைரியமாக வாங்கலாம். அரை மணிக்குள் சார்ஜரைத் தேடிப் போனால் புது பாட்டரி விலையை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். தேடிப்போய் தானே சரியாகச் சொருகிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பாட்டரி மூடி உப்பியிருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு கவிழ்த்துப் போட்டு, நடு பிரஷ்ஷைக் கழற்றுங்கள். இரண்டு முனையிலும் தலைமுடி சுற்றியிருக்கும், எல்லா வீட்டிலும் சுற்றும், அதைக் குறை சொல்ல வேண்டாம். முடியை அறுத்து எடுத்தபின் முனையில் இருக்கிற புஷ் (பிரஷ் சுற்றுகிற பிளாஸ்டிக் வளையம்) உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடி இறுகி, சூடு ஏறி, பிளாஸ்டிக் இளகியிருந்தால் அந்த மெஷினை யாரும் பராமரிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பெரிய சக்கரத்தையும் கட்டைவிரலால் உள்ளே அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் டப்பென்று வெளியே தள்ளணும். ஒன்று சோம்பேறியாக வந்தால் மெஷின் ஒரு பக்கமாகவே இழுக்கும். முன்சக்கரத்தை உருவி எடுத்து, அச்சில் மணல் அரைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம்ம செம்மண் ஊரில் இது முக்கியம். சுற்றாமல் சிக்கிக்கொண்ட முன்சக்கரம் மணலை இழுத்துக்கொண்டே போய் ஆத்தங்குடிக் கல்லில் கோடு போட்டுவிடும். லேசர் கோபுரம் ஓடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மோட்டார் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது, விலை குறைக்க மட்டும் சாக்கு.

சார்ஜரின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் கவலை இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சிலவற்றில் 120 என்று மட்டும் போட்டிருக்கும். நம்ம 230இல் சொருகினால் அந்த நொடியே முடிந்தது கதை. சிங்கப்பூர், மலேசியா சார்ஜருக்கு வோல்ட்டேஜ் ஒத்துப்போகும், பின் மாற்ற அடாப்டர் மட்டும் போதும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். பழைய முதலாளியின் போன் கணக்கிலிருந்து மெஷினை நீக்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால். பிறகு ரீசெட் செய்து, உங்கள் போனில் சேர்த்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் வேறு நாட்டு சர்வருக்குப் பூட்டப்பட்டதாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். பழைய வீட்டுக் கனத்த சுவரைத் தாண்டி சிக்னல் போகவும் போகாது. பரவாயில்லை, பட்டனை அழுத்தினாலே கூட்டுகிற மாடலாகப் பார்த்து வாங்கினால் வைஃபை இல்லாமலே காலத்தை ஓட்டலாம். அப்படித்தான் வாங்கணும் என்பது என் கட்சி. வீட்டு ரோபோவில் 2010இலேயே லேசரைக் கொண்டுவந்த நீட்டோ கம்பெனி 2023இல் மூடப்பட்டது. ரூம்பா என்கிற ரோபோ வாக்குவத்தை 2002இல் இறக்கிய ஐரோபோட் கம்பெனியே 2025 டிசம்பரில் திவால் மனு போட்டுவிட்டது. கம்பெனி போனால் அதன் மொபைல் ஆப்பும் போகலாம், பட்டன் போகாது. கேமரா வைத்த மாடல் என்றால் எனக்கு இன்னும் தயக்கம் அதிகம். சோதனைக்கு ஓடிய ரூம்பாக்கள் எடுத்த வீட்டுப் படங்கள், கழிவறையில் ஒரு பெண் இருந்த படம் உட்பட, வெளியே கசிந்தது 2022இல் செய்தியாக வந்தது. லேசர் போதும், கேமரா வேண்டாம்.

விலை? இருபதாயிரத்துக்குள் லேசர் உள்ள மெஷின் புதிதாகவே கிடைக்கிற காலம் இது. அதனால் சொல்கிற விலையோடு ஒரு பாட்டரி, ஒரு செட் பிரஷ், இரண்டு ஃபில்டர் விலையைக் கூட்டுங்கள். அந்த மொத்தம் அதேமாதிரிப் புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். உதிரிபாகம் ஆன்லைனில் கிடைக்காத மாடல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியாச்சு. அது எதற்கு உதவும்? முற்றம் திறந்த வீட்டில் காலையில் கூட்டினால் சாயங்காலம் செம்மண் படிந்திருக்கும். அந்த மெல்லிய தூசியைத் தினமும் எடுக்க இதைவிட வசதி கிடையாது. கட்டிலடி, பீரோவடி, ஊஞ்சலடி எல்லாம் குனியாமல் சுத்தமாகும். முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு இது பெரிய காரியம். லேசர் மாடல் பத்து சென்டிமீட்டர் உயரம் வரை இருக்கும், கட்டிலடி இடைவெளியை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

உதவாத இடங்களும் தெரிந்திருக்கணும். மூலைக்குள் போகாது, அங்கே விளக்குமாறுதான். புறா எச்சம், சிந்திய சாம்பார், மழைச்சாரல் எதுவும் ஆகாது. ஈரத்தை இழுத்தால் மோட்டார் போகும். கோலப்பொடி ஃபில்டரை ஒரே ஓட்டத்தில் அடைத்துவிடும், நடுவீட்டுக் கோலம் போட்ட நாளில் மெஷினை எடுக்கவே எடுக்காதீர்கள். விசேஷத்துக்கு விரித்த ரத்தினக் கம்பளத்தின் குஞ்சம் பிரஷ்ஷில் சுற்றினால் இரண்டுக்கும் நஷ்டம். தடுக்கையும் பாயையும் சுருட்டி வைத்துவிட்டு ஓட விடுங்கள்.

துடைக்கிற துணியும் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கி உள்ளே வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் சிமெண்டும் வண்ணமும் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. ஆசிட் கலந்த கிளீனரைத் தொட்டியில் ஊற்றினால் கல்லும் கெடும், தொட்டிக் குழாயும் கெடும். கையால் ஈரத்துணி, எப்போதாவது ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், போதும்.

குப்பைப் பெட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொட்டுங்கள். அரை லிட்டர்கூடப் பிடிக்காத பெட்டிதான். கழுவலாம் என்று எழுதியிருக்கிற ஃபில்டரை மட்டும் கழுவி, ஒரு முழு நாள் நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். பிள்ளைகளோடு இருக்க மாசக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் பாட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, சுவிட்சை அணைத்து, வெயில் படாத உள்வீட்டில் வையுங்கள். சார்ஜரில் சொருகிவிட்டுப் போகாதீர்கள், கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் இது. திரும்பி வந்ததும் ஓட விடுவதற்கு முன்னால் ஃபில்டரை எடுத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள்.