டியூப் லைட் சிமிட்டினால் உடனே டியூபை வாங்காதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரம். அம்மா வீட்டுச் சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. நான் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்கு ஓடி, நாலடி டியூப் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். புது டியூபும் அதே மாதிரி கண்ணடித்தது. “காசைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தியா?” என்றார் அம்மா. மாற்ற வேண்டியிருந்தது, கட்டைவிரல் பருமனில் ஓரத்தில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டரை. அது ஓரிரு வெள்ளிதான்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது, ஒரு நிமிடம் நின்று லைட் எப்படிச் சிமிட்டுகிறது என்று பார்ப்பது. முனைகள் வெள்ளையாக இருக்கின்றன, ஆனால் போட்டதிலிருந்து டக் டக் என்று எரிந்து அணைகிறதா? முதலில் ஸ்டார்ட்டரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு முனையும் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டு நடுவில் இருட்டாகவே இருந்தாலும் ஸ்டார்ட்டர்தான். உள்ளே இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். முனைகள் கறுத்துப்போயிருந்தால் டியூபுக்கு வயதாகிவிட்டது. புது டியூபில் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளிந்தால் சில மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். குளிரில் டியூப் சிமிட்டும் என்று இணையத்தில் படித்துவிட்டு யோசிக்க வேண்டாம். அது பனி பெய்கிற ஊர்க்காரர்களின் கவலை.

“எரியுதே, இருக்கட்டும்” என்று விடுவதுதான் செலவை இழுத்துவிடுகிறது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடு சூட்டில் வளைந்து ஒட்டும், ஆறியதும் விலகும். விலகுகிற அந்த நொடியில் சோக் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த விளக்குக்குள் இருக்கும் சுருள்) ஓர் உயர் மின்னழுத்தத்தைத் தள்ளுகிறது, டியூப் பற்றிக்கொள்கிறது. அதாவது ஒவ்வொரு சிமிட்டலும் பற்றவைக்கும் ஒரு முயற்சி. ஒவ்வொரு முயற்சியிலும் டியூப் முனையில் உள்ள பூச்சு கொஞ்சம் கரைகிறது, சோக்கும் சூடாகிறது. அப்படியே மாதக்கணக்கில் விட்டால் நல்ல டியூபும் சேர்ந்து போகும்.

ஸ்டார்ட்டர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நாலடி 36 வாட் டியூபுக்கு ‘4-65 வாட்’ வகை வேண்டும். ஒரே சோக்கில் இரண்டு இரண்டடி டியூப் ஓடும் விளக்குக்கு ‘4-22 வாட்’ வகை. மாற்றிப் போட்டால் டியூப் சரியாக எரியாது. உங்கள் விளக்கில் ஸ்டார்ட்டரே இல்லையென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரானிக் சோக். ஸ்டார்ட்டரைத் தேடி மெனக்கெட வேண்டாம்.

மாட்டும்போது பின் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். நேர் டியூபைக் கால் சுற்றுத் திருப்பியதும் ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். ரவுண்டு டியூபில் நாலு பின் செருகி தளர்ந்துபோவது அடிக்கடி நடக்கிற கோளாறு.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் சுவரில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. யாராவது தவறான கம்பியில் சுவிட்சை இணைத்திருந்தால், அணைத்த பிறகும் விளக்கில் 230 வோல்ட் காத்திருக்கும். மெயின் பெட்டியில் அந்த லைட்டுக்கான சுவிட்சை இறக்கிவிட்டு, டியூப் ஆறியபின் தொடுங்கள். ஏறி நிற்க காப்பிக்கடையில் போடுகிற பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம், ஏணி எடுங்கள்.

எல்இடி டியூபுக்கு மாறுபவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. சோக்கோடு ஓடும் எல்இடி டியூபுடன் பெட்டிக்குள் ஸ்டார்ட்டர் மாதிரியே ஒன்று வரும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஃபியூஸ் மட்டுமே. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஸ்டார்ட்டரையே விட்டுவைத்தால் எல்இடியும் சிமிட்டும். எலக்ட்ரானிக் சோக் உள்ள விளக்குக்கு அந்த வகை பொருந்தாது. சோக்கைக் கழற்றி நேராகக் கம்பி கொடுக்கும் வகை வாங்கினால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஒரு லைட் மட்டுமல்ல, வீடு முழுக்க மங்கி மங்கி எரிகிறதா? சுவிட்ச் சூடாகிறதா, கருகிய வாடை வருகிறதா? அப்படியானால் ஸ்டார்ட்டர் கதை முடிந்தது. எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு, சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். ஏர்கான் கிளம்பும்போது ஒரு கணம் மட்டும் மங்குவதற்கு இவ்வளவு பதற வேண்டாம்.

அப்புறம், பழைய டியூபைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் மின்கழிவுத் திட்டத்தில் விளக்குகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விளக்கு போடும் இடம் உள்ள தொட்டியைத் தேடிப் போடுங்கள். கையில் உடைந்துவிட்டால் துடைப்பமும் வேக்குவமும் எடுக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே இருங்கள். பிறகு அட்டையால் சில்லுகளைத் திரட்டி, ஈரத்தாளால் மீதியைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.